பாழடைந்த வீட்டுக்கும் ஒரு விருதா?

கேள்வி: பிப்ரவரி 3
எங்கள் குடியிருப்போர் சங்கம் சில ஆண்டுகளாக 'அழகிய இல்லம்' விருது கொடுத்து வருகிறது. இந்த ஆண்டு முதல், கவனிப்பாரற்றுக் கிடக்கும் சொத்து ஒன்றுக்கும் கேலி விருது கொடுத்து, அதன் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று தீர்மானம் வருகிறது. நான் ஆதரித்து வாக்களிக்கப் போகிறேன். நாலு பேர் முன்னால் தலைகுனிவு வந்தால்தான் சிலருக்குக் கை அசையும். இதில் என்ன தவறு?

பிப்ரவரி 3, இரவு
வீடுகளுக்கு வேண்டாம். இதே போன்ற ஒரு நடுவர் குழுவில் சில ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எங்கள் சங்கமும் ஒரு முறை இதை முயன்றது. 'மிக மோசமான முகப்பு' என்று பரிந்துரை கேட்டோம். வந்த தாள்களில் பாதிக்கு மேல் பக்கத்து வீட்டுக்காரர் எழுதியவை. சுவர்ச் சண்டை, மரக்கிளைச் சண்டை, வண்டி நிறுத்தும் சண்டை எல்லாம் 'அழகுணர்வு' என்ற பெயரில் வந்து சேர்ந்தன.

அதிகப் பரிந்துரை பெற்றது ஒரு பூட்டிய வீடு. ஜன்னல் கதவு ஒன்று கீல் விட்டுத் தொங்கும். மாடிக் கைப்பிடிச் சுவரில் அரசமரக் கன்று முளைத்து ஆள் உயரம் வந்துவிட்டது. அந்த வீட்டைப் பற்றி மிகக் காட்டமாக, மூன்று பக்கத்துக்கு எழுதியவர் யார் என்று விசாரித்தால், வீட்டின் பங்குதாரர்களில் ஒருவர்! உடன்பிறந்தவர்களோடு பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது. வீடு சீரழிவதற்கு மற்றவர்களே காரணம் என்று ஒரு பொது அமைப்பின் சான்று கிடைத்தால் வழக்குக்கு உதவும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். நாங்கள் கேலி விருது என்று நினைத்ததை அவர் சாட்சி ஆவணம் என்று நினைத்தார்.

விருதைக் கைவிட்டோம். அரசமரம் இன்னும் இருக்கிறது.

பிப்ரவரி 4
"அப்படியானால் உலகத்தில் யாருமே இதைச் செய்வதில்லையா?" என்று கேட்டவருக்கு. செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 1976 முதல் 'ஆர்க்கிட்களும் வெங்காயங்களும்' என்று ஒரு விருது உண்டு. நல்ல கட்டடத்துக்கு ஆர்க்கிட், கண்ணில் நீர் வரவழைக்கும் கட்டடத்துக்கு வெங்காயம். பொதுமக்கள் பரிந்துரைக்கலாம், நடுவர்கள் தேர்வு செய்வார்கள்.

ஆனால் அங்கே வெங்காயம் வாங்குவது பெரும்பாலும் பணம் போட்டு, வரைபடம் போட்டு, அனுமதி வாங்கிக் கட்டிய புதிய வேலை. ஒருவர் யோசித்துச் செய்த தவறு அது. கட்டடக்கலைஞர் இருக்கிறார், முதலீட்டாளர் இருக்கிறார், அனுமதித்த நகராட்சி இருக்கிறது. விமர்சனத்தைக் காதில் வாங்க மூன்று பேர். நீங்கள் சொல்லும் பாழடைந்த வீட்டில் யாரும் எதையும் செய்யவில்லை. அதுதான் புகாரே. செய்ததை விமர்சிப்பதும் செய்யாததை விமர்சிப்பதும் ஒரே தராசில் நிற்காது.

பிப்ரவரி 4, சற்றுப் பிறகு
இன்னொன்று. கேலி விருதை வாங்க யார் மேடைக்கு வருவார்? தபாலில் அனுப்பலாம் என்றால் உரிமையாளர் முகவரி வேண்டும். அந்த முகவரி கிடைத்திருந்தால் இந்தத் தீர்மானமே தேவைப்பட்டிருக்காது.

பிப்ரவரி 6
வெங்காயத்தைவிடக் காரமானது பிரிட்டனில் இருந்தது. 'கார்பங்கிள் கோப்பை'. ராஜபிளவைக்கு ஒரு கோப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1984இல் அன்றைய இளவரசர் சார்லஸ், லண்டன் தேசிய ஓவியக் கூடத்துக்குத் திட்டமிட்டிருந்த விரிவாக்கத்தை, அன்பான நண்பரின் முகத்தில் வந்த 'கார்பங்கிள்' கட்டி போன்றது என்று கட்டடக்கலைஞர்கள் சபையிலேயே சொன்னார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அந்தச் சொல்லைத்தான் பிற்பாடு ஒரு கட்டடக்கலைப் பத்திரிகை எடுத்துக்கொண்டு 2006 முதல் ஆண்டுதோறும் நாட்டின் மிக அசிங்கமான புதுக் கட்டடத்துக்குக் கோப்பை என்று அறிவித்தது. முதல் கோப்பை பிளிமத் நகரின் ஒரு வணிக வளாகத்துக்கு. 2012இல் கட்டி ஸார்க் என்ற பழைய பாய்மரக் கப்பலைப் புதுப்பித்த வேலைக்கு. கப்பலைக் கண்ணாடிக் கூட்டின் மேல் தூக்கி வைத்ததால் அதன் உடல்வாகே மறைந்துவிட்டது என்பது புகார்.

எனக்குப் பிடித்தது 2015இன் வெற்றியாளர். லண்டன் ஃபென்சர்ச் தெருவின் 20ஆம் எண் கட்டடம், 'வாக்கி டாக்கி' என்று ஊரார் அழைப்பது. அதன் முகப்பு உட்குழிந்த கண்ணாடி. 2013 கோடையில் சூரிய ஒளியைக் குவித்துத் தெருவில் நின்ற ஒரு விலையுயர்ந்த காரின் பாகங்களை உருக்கிவிட்டது. ஒரு பத்திரிகையாளர் நடைபாதையில் முட்டை பொரித்துக் காட்டினார். பிறகு வெயில் மறைப்புத் தகடுகள் பொருத்த வேண்டியதாயிற்று.

அந்தப் பத்திரிகை 2018வரை கோப்பையை அறிவித்தது. இப்போது எண்ணிப் பாருங்கள்: அந்தக் கட்டடத்தைக் கேலி செய்வதில் யாருக்கும் குற்ற உணர்வு வராது. கேலிக்கு உள்ளானவர்களிடம் பணம், வழக்கறிஞர், பேச்சாளர் எல்லாம் உண்டு. அடி மேல்நோக்கி விழுகிறது. பூட்டிய வீட்டின் மேல் விழும் அடி எந்தத் திசையில் போகிறது என்றே தெரியாது.

பிப்ரவரி 10
கேள்வி கேட்டவர் விடுவதாக இல்லை: "கவனிக்காமல் விடுவதும் ஒரு தேர்வுதானே?" சில இடங்களில் ஆம். அதனால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

நான் பார்த்தவரையில் பாழடைந்த சொத்துகள் ஒரே இனம் கிடையாது. முதலாவது, வழக்கில் சிக்கியது. 'தற்போதைய நிலையே தொடர வேண்டும்' என்று ஒரு நீதிமன்ற உத்தரவு வந்துவிட்டால், எதைத் தொட்டாலும் எதிர்த்தரப்பு மனுப் போடும். வெள்ளையடித்தால்கூட, அனுபவ உரிமையை நிலைநாட்டப் பார்க்கிறான் என்று சொல்ல ஆள் இருக்கும். பணம் போட்டவனுக்கு அது திரும்பி வரும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே எல்லாருக்கும் சொந்தமான கூரை எல்லாருடைய சம்மதத்தோடும் ஒழுகும்.

இரண்டாவது, வாரிசுகள் பல ஊர்களில், பல நாடுகளில் சிதறிப்போனது. ஒவ்வொருவர் பங்கும் சிறிது. அந்தச் சிறு பங்குக்காகப் பயணம் செய்து, பத்திரங்களைத் தேடி, மற்ற பங்காளிகளிடம் கையெழுத்து வாங்கும் செலவு பங்கின் மதிப்பைத் தாண்டிவிடும். இவர்கள் கெட்டவர்கள் இல்லை. பதிலே போடாதவர்கள். அவ்வளவுதான்.

மூன்றாவது, உள்ளேயே ஆள் இருந்தும் கவனிக்க முடியாதது. முதுமை, நோய், வருமானம் நின்றது, துக்கம். வெளிக்கேட்டுக்குத் துரு ஏறுவது உள்ளே நடப்பதன் கடைசி அறிகுறியாக இருக்கும். இந்த வீட்டின் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

நான்காவது, விலை ஏறட்டும் என்று வேண்டுமென்றே விட்டு வைத்தது. இதில் இன்னொரு உள்வகை உண்டு. பழமையான கட்டடம், இடிக்க அனுமதி கிடைக்காது என்றால், ஓட்டில் சில இடங்களில் ஓட்டை விட்டால் போதும். மழை மற்றதைப் பார்த்துக்கொள்ளும். சில மழைக்காலம் கழித்து 'ஆபத்தான நிலையில் உள்ளது' என்று சான்றிதழ் வாங்கி இடித்துவிடலாம். நீர் இறங்கினால் உத்தரக்கட்டை உளுக்கும், சுண்ணக்காரை கரையும், வேர் செங்கல்லைப் பிளக்கும். ஒருவரும் கடப்பாரை எடுக்க வேண்டியதில்லை.

ஐந்தாவது, நிறுவனங்களும் பொது அமைப்புகளும் கைவிட்டது. பழைய கிடங்கு, மூடிய அலுவலகம், யார் துறைக்குச் சேர்ந்தது என்று மூன்று துறைகள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் கட்டடம்.

இந்த ஐந்தில் வெட்கம் வேலை செய்வது கடைசி இரண்டில் மட்டும். முதல் மூன்றில் அது வெறும் கொடுமை, அல்லது வெறும் வீண். பலகையில் ஒட்டப் போகும் படம் எந்த வகை என்று உங்கள் சங்கத்துக்கு முன்கூட்டியே தெரியுமா? தெருவிலிருந்து பார்த்தால் ஐந்தும் ஒரே மாதிரிதான் தெரியும். அதே புதர், அதே பூட்டு.

பிப்ரவரி 11
"நடவடிக்கையே வேண்டாம் என்கிறீர்களா?" நான் அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டச் சட்டத்தில் 215ஆவது பிரிவு இருக்கிறது. ஒரு நிலத்தின் நிலைமை சுற்றுப்புறத்தின் நலத்தைக் கெடுக்கிறது என்றால் உள்ளாட்சி அறிவிக்கை அனுப்பிச் சீர்செய்யச் சொல்லலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, மேல்முறையீடு உண்டு, உரிமையாளர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு உண்டு. கேலி விருதில் மேல்முறையீடு கிடையாது.

பிப்ரவரி 13
மேலே ஒருவர் 'உடைந்த ஜன்னல்' கோட்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஓர் உடைந்த ஜன்னல் ஊரையே கெடுக்கும், ஆகவே உரிமையாளரைக் கிழி என்று. கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் போகலாம்.

1982இல் ஜேம்ஸ் வில்சன், ஜார்ஜ் கெல்லிங் இருவரும் எழுதிய கட்டுரை அது. அதில் அவர்கள் காட்டும் சான்றுகளில் ஒன்று 1969இல் உளவியலாளர் பிலிப் ஸிம்பார்டோ செய்த கார் சோதனை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் விட்ட காரை ஒரு நாளுக்குள் உரித்துவிட்டார்கள். கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் விட்ட காரை ஒரு வாரத்துக்கு மேல் யாரும் தொடவில்லை. பிறகு ஸிம்பார்டோவே சம்மட்டியால் முதல் அடி போட்டார். அதற்கப்புறம்தான் மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். இந்தச் சம்மட்டியை மேற்கோள் காட்டுபவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

இதைவிடச் சுத்தமான சோதனை 2008இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் நடந்தது. சைக்கிள் நிறுத்துமிடத்தில் கைப்பிடியில் துண்டறிக்கை கட்டி வைத்தார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் அதைத் தரையில் எறிந்தார்கள். சுவரில் கிறுக்கியிருந்தபோது 69 சதவீதம். ஆக, சீரழிந்த தோற்றம் அடுத்தவர் நடத்தையை மாற்றுகிறது என்பது வரை ஒப்புக்கொள்கிறேன். இதிலிருந்து உரிமையாளரைக் கேலி செய்யலாம் என்பது எப்படி வருகிறது? சுவரைத் துடை என்பதுதான் வருகிறது.

துடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. பிலடெல்பியா நகரில் 541 காலிமனைகளை எடுத்துக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியில் குப்பையை அகற்றி, மண்ணைச் சமன்படுத்தி, புல்லும் சில மரங்களும் நட்டு, இடுப்பளவு மரவேலி போட்டார்கள். இன்னொரு பகுதியில் சுத்தம் மட்டும். மூன்றாவதை அப்படியே விட்டார்கள். 2018இல் முடிவு வெளியானது: வறுமைக்கோட்டுக்குக் கீழிருந்த பகுதிகளில், சீர்செய்த மனைகளைச் சுற்றித் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்திருந்தது. பசுமையாக்கிய மனைகளுக்கு அருகே வசித்தவர்களில் மனச்சோர்வாக உணர்கிறேன் என்றவர்களும் வெகுவாகக் குறைந்தார்கள். ஆடம்பரத் தோட்டம் ஒன்றும் போடவில்லை. புல், வேலி, மாதாந்தரப் பராமரிப்பு.

அந்த வேலிக்கு ஒரு நோக்கம் இருந்தது. உள்ளே நடந்து போக வழி விட்டிருந்தார்கள். குப்பை கொட்ட வரும் வண்டி மட்டும் நுழைய முடியாது.

பிப்ரவரி 15
நல்ல வீட்டு விருதைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லையே, அது மட்டும் பரிசுத்தமா? எங்கள் அனுபவத்தில் மூன்றாம் ஆண்டிலேயே அது கெட்டுப்போனது. ஒரே வீடு திரும்பத் திரும்ப ஜெயித்தது. அந்த வீட்டுக்காரர் நல்ல மனிதர், தோட்டக்காரருக்கு நல்ல சம்பளம் கொடுப்பவர். ஆக, பரிசு உண்மையில் அந்தச் சம்பளத்துக்குத்தான். தோட்டக்காரர் பெயர் ஒரு முறைகூட மேடையில் வரவில்லை.

பிறகு முன்கூட்டியே தேதி அறிவித்துப் பார்வையிடப் போகும் வழக்கம். ஒரு முறை ஒரு வீட்டு வாசலில் பார்த்துப் பாராட்டிய குரோட்டன்ஸ் தொட்டிகளை, இரண்டு தெரு தள்ளி இன்னொரு வீட்டில் அரை மணி கழித்து மறுபடியும் பார்த்தேன். தொட்டி விளிம்பில் அதே உடைசல். வாடகைக்கு விட்ட நாற்றுப்பண்ணைக்காரர் கெட்டிக்காரர். எங்கள் பாதை அவருக்குத் தெரிந்திருந்தது. முதல் வீட்டில் எட்டு மதிப்பெண் போட்ட என் சக நடுவர் இரண்டாவது வீட்டில் ஒன்பது போட்டார். வெயில் இறங்கியதும் நிறம் எடுப்பாக இருந்ததாம்.

பிப்ரவரி 15, இன்னும் கொஞ்சம்
தேதி அறிவிக்காமல் போவதே மருந்து. அயர்லாந்தில் 'டைடி டவுன்ஸ்' போட்டி 1958இல் 52 ஊர்களோடு தொடங்கியது. முதல் வெற்றி டொனகால் மாவட்டத்தின் கிளென்டீஸ் என்ற சிற்றூருக்கு. அங்கே நடுவர் எப்போது வருகிறார் என்று ஊருக்குத் தெரியாது. வந்து பார்த்துவிட்டுப் போவார். பிறகு கலந்துகொண்ட ஒவ்வோர் ஊருக்கும் எழுத்தில் ஓர் அறிக்கை போகும்: இது நன்று, அந்தப் பாலத்தருகே களையை எடுங்கள், பள்ளி எதிரே பெயர்ப்பலகை மங்கியிருக்கிறது என்கிற ரீதியில். தோற்ற ஊர்களுக்கும் அந்தத் தாள் உண்டு. அடுத்த ஆண்டின் வேலைப்பட்டியல் அதிலிருந்துதான் வருகிறது. கோப்பையைவிட மதிப்புள்ளது அந்தத் தாள் என்பது என் கருத்து.

கவனித்தீர்களா, அங்கே போட்டியிடுவது ஊர். தனி வீடு இல்லை. ஊருக்குள்ளே ஒரு பாழடைந்த கட்டடம் இருந்தால் மதிப்பெண் எல்லாருக்கும் குறையும். அதனால் அது எல்லாருடைய வேலையாகிறது.

பிப்ரவரி 17
பிரெஞ்சுக்காரர்கள் இதையும் தாண்டிப் போய்விட்டார்கள். 1959 முதல் 'பூத்த நகரங்களும் கிராமங்களும்' என்று ஒன்று நடத்துகிறார்கள். ஒன்று முதல் நான்கு பூக்கள் வரை தரம். ஊர் நுழைவாயில் பலகையில் அந்தப் பூக்கள் இருக்கும். தகுதி இருந்தால் எத்தனை ஊருக்கும் நான்கு பூ கிடைக்கும். ஒருவர் ஜெயிக்க இன்னொருவர் தோற்க வேண்டியதில்லை. நடுவர்கள் மறுபடி வந்து பார்ப்பார்கள், பூ குறையவும் கூடும்.

1963இல் ராய் ஹே என்ற பிரிட்டிஷ் தோட்டக்கலைப் பத்திரிகையாளர் பிரான்சுக்கு விடுமுறைக்குப் போய் இதைப் பார்த்து மயங்கி, ஊர் திரும்பிக் கொடுத்த யோசனையில்தான் 'பிரிட்டன் இன் புளூம்' பிறந்தது. அடுத்த ஆண்டே போட்டி. 2002 முதல் அதை அரச தோட்டக்கலைச் சங்கம் நடத்துகிறது. பிற்பாடு அதன் பக்கத்திலேயே, தெரு அளவிலான குழுக்களுக்குப் போட்டியே இல்லாத ஒரு திட்டமும் வைத்தார்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, தொடக்கநிலை, முன்னேற்றம் என்று படிநிலை சொல்லிவிட்டுப் போவார். கடைசி இடம் என்று ஒன்று இல்லை. ஒரு குட்டிச்சுவரை எடுத்துச் செடி வைக்கத் தொடங்கியவர்களுக்கு அதுதான் ஒத்துவரும். அழகிய இல்லம் போட்டியில் அவர்கள் பெயரே வராது.

பிப்ரவரி 20
"காட்டுச் செடி வளர்ப்பவர்களை என்ன செய்வது?" நல்ல கேள்வி, எங்களைத் திணறடித்த கேள்வி. ஒரே வீடு ஒரே ஆண்டில் இரண்டு பட்டியலிலும் வந்தது! சிலருக்கு அது சிறந்த தோட்டம். சிலருக்கு அது பாம்பு வளர்ப்பு. வீட்டுக்காரி தாவரவியல் படித்தவர். வண்ணத்துப்பூச்சி முட்டையிடும் செடிகளைத் தேடித் தேடி வைத்திருந்தார். பூச்சி தின்ற இலைதான் அவருக்குப் பெருமை. நடுவர் தாளில் 'இலைகளில் ஓட்டை, மருந்தடிக்கவில்லை' என்று எழுதியிருந்தது.

அமெரிக்காவில் வீட்டுரிமையாளர் சங்கங்கள் மாதம் ஒரு முற்றத்துக்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. பரிசு பெறுவது பெரும்பாலும் சீராக வெட்டிய புல்வெளி. தண்ணீரையும் உரத்தையும் குடிக்கும் அந்தப் புல்லில் ஒரு தேனீக்குக்கூட வேலை இல்லை. பிரிட்டனில் பிளான்ட்லைஃப் என்ற அமைப்பு 2019 முதல் மே மாதம் முழுவதும் புல் வெட்டாதீர்கள் என்று இயக்கமே நடத்துகிறது.

இந்தச் சிக்கலுக்கு ஜோன் நசாவர் என்ற நிலத்தோற்றக்கலை அறிஞர் 1990களிலேயே வழி சொல்லியிருக்கிறார். மக்களை உறுத்துவது காடு என்பதால் இல்லை, யாரும் கவனிக்கவில்லை என்ற தோற்றம்தான் உறுத்துகிறது என்பது அவர் வாதம். ஆகவே கவனிப்பின் அடையாளத்தை விளிம்பில் காட்டினால் போதும். ஓரத்தில் ஒரு முழம் அகலத்துக்கு வெட்டிய புல், ஒழுங்கான வேலி, பெருக்கிய நடைபாதை, ஒரு சிறு பெயர்ப்பலகை. நடுவில் எவ்வளவு புதர் இருந்தாலும் பார்ப்பவர் 'இது திட்டமிட்டது' என்று எடுத்துக்கொள்வார். எங்கள் தாவரவியலாளர் செடிப் பெயர்களைப் பலகையில் எழுதி வைத்தார். புகார் குறைந்தது. இலைகளில் ஓட்டை குறையவில்லை.

இதைச் சொல்லும்போதே எனக்கு ஒரு சந்தேகம். கவனிப்பின் அடையாளம் வேண்டும் என்று கேட்பதும் பக்கத்து வீட்டுக்காரரின் கண்ணுக்கு அடிபணிவதுதானே? பெயர்ப்பலகை வைக்க மனமில்லாதவர் என்ன செய்வார்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் மதிப்பெண் தாளில் 'தூய்மை' என்ற ஒரே பத்தியை வைத்துக்கொண்டு இரண்டு வகை வீட்டையும் அளக்க முடியாது என்பது மட்டும் உறுதி.

பிப்ரவரி 23
கேலி விருது கொடுத்தால் அவதூறு வழக்கு வருமா என்று சட்ட விஷயம் கேட்டவருக்கு. நான் வழக்கறிஞன் இல்லை; உங்கள் ஊர்ச் சட்டத்தை அங்கேயே விசாரியுங்கள். ஆனால் ஒரு பழைய கதை உண்டு. அமெரிக்க செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மையர் 1975 முதல், மக்கள் வரிப்பணத்தை வீணடித்தவர்கள் என்று தான் கருதியவர்களுக்குத் 'தங்கக் கம்பளி' என்ற கேலி விருது அறிவித்து வந்தார். குரங்குகளின் ஆத்திரத்தை ஆராய நிதி கொடுத்த துறைகளுக்கும் ஒன்று. ஆராய்ச்சி செய்தவர் ரொனால்ட் ஹட்சின்சன் அவதூறு வழக்குப் போட்டார். 1979இல் உச்ச நீதிமன்றம், நாடாளுமன்ற உறுப்பினருக்குள்ள பேச்சுப் பாதுகாப்பு அவர் வெளியிட்ட செய்தி அறிக்கைக்கும் மடலுக்கும் பொருந்தாது என்றது. கடைசியில் சமரசம், மன்னிப்பு, 10,000 டாலர். ஒரு செனட்டருக்கே இந்த நிலை. உங்கள் சங்கத்தின் பொருளாளர் யோசித்துக்கொள்ளட்டும்.

பிப்ரவரி 23, பிற்பகல்
அவதூறைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை ஒருவரும் எழுப்பவில்லை. 'கவனிப்பாரற்ற சொத்து' என்று படத்தோடும் தெருப் பெயரோடும் ஒட்டுவது, இங்கே யாரும் இல்லை என்று ஊருக்கு அறிவிப்பது. ஜன்னல் கம்பி, செப்புக் குழாய், தேக்குக் கதவு, மின்கம்பி என்று கழற்றுபவர்களுக்கு வேவு பார்க்கும் வேலை மிச்சம். அத்துமீறிக் குடியேற நினைப்பவருக்கும் அப்படியே. நன்றாக இருக்கும் பூட்டிய வீட்டுக்காரர்கள் மாலையில் விளக்கு எரிய ஏற்பாடு செய்துவிட்டுப் போவது எதற்காக?

பிப்ரவரி 24
ஆமாம், தேக்குக் கதவு ஏற்கெனவே போயிருந்தால் அந்தக் கவலை இல்லைதான். நன்றி.

பிப்ரவரி 28
தீர்மானத்தைத் திருத்திக் கொண்டுபோகப் போகிறேன், யோசனை சொல்லுங்கள் என்று கேள்வி கேட்டவர் இறங்கி வந்திருக்கிறார். என் மனத்தில் உள்ளதைக் கொட்டுகிறேன்.

பாழடைந்ததைப் பேசவே கூடாது என்பதில்லை. யாரைக் குற்றவாளி ஆக்குகிறோம் என்பதுதான் கேள்வி. அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளை 1988 முதல் 'மிகுந்த ஆபத்தில் உள்ள 11 வரலாற்று இடங்கள்' என்று பட்டியல் வெளியிட்டு வருகிறது. உலக நினைவுச்சின்ன நிதியமும் 1990களிலிருந்து ஈராண்டுக்கொரு முறை இப்படி ஒன்று வெளியிடுகிறது. இரண்டிலும் கட்டடம் பாதிக்கப்பட்ட தரப்பு. பட்டியலில் பெயர் வந்தால் அவமானம் இல்லை. பணமும் நிபுணர்களும் அந்தத் திசையில் திரும்பிப் பார்க்கிறார்கள். உரிமையாளரே விண்ணப்பிக்கத் தயங்க மாட்டார். கேலி விருதுக்கு ஒருவர் தன் வீட்டைத் தானே பரிந்துரைப்பாரா? (எங்கள் பாகப்பிரிவினைக்காரரை விட்டுவிடுங்கள்.)

ஆகவே 'காப்பாற்ற வேண்டிய கட்டடம்' என்று வையுங்கள். வீடாக இருந்தால் உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்தோடு மட்டும். சம்மதம் வாங்கப் போகும்போதே பாதிக் கதை வெளிவந்துவிடும். எந்த வகை என்று தெரிந்துவிடும். உள்ளே முதியவர் இருந்தால் விருது வேண்டியதில்லை, இரண்டு பேர் போய்க் கேட்டுக்குச் சாயம் பூசினால் போதும்.

அடுத்து, 'சிறந்த மாற்றம்' என்று ஒரு பரிசு. முன்பு எடுத்த படம், இப்போது எடுத்த படம், இரண்டையும் பக்கத்தில் வைத்து அளப்பது. செலவு எவ்வளவு என்பதையும் தாளில் எழுதச் சொல்லுங்கள்; குறைந்த செலவுக்குக் கூடுதல் மதிப்பெண். வேலை செய்த கொத்தனார், சாயக்காரர், தோட்டக்காரர் பெயருக்கும் ஒரு பத்தி. ஜெயித்தவர் மூன்று ஆண்டுக்குப் போட்டியிட முடியாது, நடுவராக வேண்டுமானால் வரலாம். வாடகைத் தொட்டிகளை அவர்களே நன்றாக அடையாளம் காண்பார்கள்.

கேலி விருது வேண்டியே தீரும் என்றால், நான் சொன்ன கடைசி இரண்டு வகைக்கு மட்டும் கொடுங்கள். விலைக்காகக் கட்டடத்தை அழுகவிடும் நிறுவனம், பூட்டிப் போட்ட பொது அலுவலகம். அதிலும் முதலில் கடிதம், பதிலுக்குக் காலக்கெடு, பதில் வந்தால் அதையும் பக்கத்திலேயே ஒட்டுவது. படம் பொதுச் சாலையிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும். தேதி போட வேண்டும். சீர்செய்துவிட்டால் விருதைத் திரும்பப் பெற்று அதையும் அதே அளவு எழுத்தில் அறிவிக்க வேண்டும். சான் டியேகோவின் வெங்காயத்துக்கு இத்தனை நடைமுறை தேவைப்படாது. அங்கே கட்டியவர் கையெழுத்து வரைபடத்திலேயே இருக்கிறது.

மார்ச் 1
"முதல் கேலி விருதை எந்த நிறுவனத்துக்குக் கொடுப்பது?" உங்கள் சங்கத்துக்கே கொடுங்கள். சங்கக் கட்டடத்தின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மார்ச் 2
உங்கள் சங்கக் கட்டடத்தின் பின்பக்கப் படம் பார்த்தேன். உடைந்த நாற்காலிகள் அடுக்கியிருப்பது மாடிப்படிக்குக் கீழேதானே? போன விருது விழாவின் துணிப்பதாகையும் அதன் மேல் கிடக்கிறது. எங்கள் சங்கத்தில் இதைவிட மோசம். செயலாளர் பெயரைப் போட்டு முதல் பரிந்துரைத் தாளை நானே எழுதப் போகிறேன். கடிதத்துக்குப் பதிலளிக்க முப்பது நாள் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அதற்குள் நாற்காலிகள் அப்புறப்பட்டுவிட்டால் 'சிறந்த மாற்றம்' பரிசுக்குச் சங்கத்தாரும் விண்ணப்பிக்கலாமா என்பதை உங்கள் விதிகளில் இப்போதே தெளிவாக எழுதி வைத்துவிடுங்கள். எங்கள் செயலாளர் அதைத்தான் முதலில் கேட்பார்.